மிச்ச நூலில் ஒரு கழுத்துக் கம்பளி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்த்தால் நம்மைப் போலவே இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுவார்கள், கேட்டால் குடைகூட இரவல் தருவார்கள். ஆனால் அவர்கள் வீட்டு அலமாரியை மட்டும் திறந்துவிடாதீர்கள். வண்ண வண்ணமாய்க் கம்பளி உருண்டைகள் உங்கள் காலடியில் வந்து விழும், நீங்கள் பதறிப் பின்வாங்குவதற்குள், "பாத்து, மிதிச்சிடாதீங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். இவர்கள்தான் மிச்ச நூல்காரர்கள்.

இவர்கள் நூலே வாங்குவதில்லை என்று நினைக்க வேண்டாம். வாங்குவார்கள். குழந்தைக்குத் தொப்பி பின்ன இரண்டு உருண்டை போதும் என்றால் மூன்று வாங்குவார்கள். மிஞ்ச வேண்டுமே! மிஞ்சியதும் அந்த நூலுக்குத் தனி மரியாதை வந்துவிடும். விரல் நீளத் துண்டைக்கூட எறிய மனம் வராது. "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்." அடுத்த வீட்டுக்குப் போனாலும் கண் சும்மா இருக்காது. பேச்சு பாட்டுக்குத் தண்ணீர்க் குழாய் ரிப்பேரைப் பற்றி நடக்கும். பார்வை மட்டும் எதிரே இருப்பவர் மாட்டியிருக்கும் ஸ்வெட்டர் மேல் எறும்பு மாதிரி ஊரும். "முழங்கைகிட்ட லேசா நைஞ்சு போயிருக்கே... தூக்கிப் போடறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க." அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்!

இந்த இனத்தில் நான் அருகிலிருந்து பார்த்த ஒருத்தி என் அக்கா. தபால் அலுவலகத்தில் வேலை. அவள் கணவர், அதாவது என் அத்தான், பஸ் ஓட்டுகிறார். குளிர் ஆரம்பித்ததும் அவருக்கு விடிகாலை வண்டி வந்தது. அந்த வண்டியில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி முழுதாக ஏறாது. காற்று நேரே கழுத்தில்தான் இறங்கும். போன குளிர்காலத்தில் தொண்டை கட்டிப்போய், குறுக்கே ஓடுகிறவர்களைக்கூடத் திட்ட முடியாமல் தவித்தவர் அவர். இந்த முறை முன்யோசனையாக வாயைத் திறந்தார். அதுதான் தப்பு.

"கடையில கழுத்துக்கு ஒண்ணு வாங்கிக்கறேன்."

"வீட்ல இவ்ளோ நூலை வெச்சுக்கிட்டு யாராவது வாங்குவாங்களா? ரெண்டு நாள் பொறுங்க. நான் போட்டுத் தர்றேன்."

மிச்ச நூல்காரர்களின் இரண்டு நாள் நம்முடைய இரண்டு நாள் அல்ல. முதலில் நிறம் பார்க்க வேண்டும். கூடம் முழுக்க நூலைப் பரப்பி, சாம்பலுக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் பழுப்பு என்று மாற்றி மாற்றி வைத்து, எட்ட நின்று பார்த்து, மறுபடி கலைக்க வேண்டும். அதுவரை வீட்டிலுள்ளவர்கள் சுவரோடு ஒட்டி நடந்து குளியலறைக்குப் போக வேண்டும். பிறகு பின்னல். சாதாரணமாகப் பின்னினால் ஒரே வாரம். ஆனால் சாதாரணப் பின்னலில் நூலுக்கு நூல் போட்ட முடிச்சு தெரிந்துவிடுமாம். அதனால் வரிசைக்கு வரிசை பட்டாணி பதித்ததுபோலப் புடைப்புகள் வேண்டும். மிச்ச நூலில் போட்டது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லியாக வேண்டும். இதுதான் அவர்கள் கொள்கை.

பாதி வந்தபிறகு, கீழே எங்கோ ஒரு பட்டாணி இடம் மாறியிருந்தது. அக்கா மளமளவென்று பிரித்தாள்.

"ஐயோ, அதை யாரு பாக்கப் போறாங்க?" அத்தானின் குரல் ஏற்கெனவே பாதிதான் வந்துகொண்டிருந்தது. கழுத்தில் குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பாப்பேன்."

புடைப்பு என்றால் சும்மாவா? அது நூலைக் குடிக்கும். மறுபடி பாதிக் கழுத்து ஏறியபோது பழுப்பு தீர்ந்துவிட்டது.

"ஒரு உருண்டை வாங்கிட்டு வரட்டுமா?" அத்தான் கெஞ்சினார்.

"மிச்ச நூல்ல போடறதுக்குப் புது நூல் வாங்கினா, அப்புறம் அதுல என்ன இருக்கு?"

நியாயம்தானே! அக்காவின் பார்வை மெல்லக் கதவுப் பக்கம் போனது. அங்கே அத்தானின் பழுப்பு ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையால் போட்டது. அதில் மிஞ்சிய நூல்தான் இப்போது தீர்ந்துபோனது.

"அந்த ஸ்வெட்டர்ல கை கொஞ்சம் நீளமில்ல?"

"இல்லையே. சரியாத்தான் இருக்கு."

"நீளம்."

மணிக்கட்டில் ஆரம்பித்தாள். "ரெண்டு விரக்கடைதான்" என்றாள். பட்டாணிகள் அதைக் குடித்தன. முழங்கை வந்தது. குடித்தன. கடைசிக் கண்ணியை மூடி அவள் நூலை அறுத்தபோது, ஸ்வெட்டரின் ஒரு கை தோளோடு நின்றிருந்தது. எந்தக் கை என்கிறீர்கள்? கண்ணாடி ஏறாத பக்கத்துக் கைதான்.

மறுநாள் விடிகாலை நானும் அந்த பஸ்ஸில் போனேன். இன்றைக்கு அத்தான் வெடித்துவிடுவார் என்றே நினைத்தேன். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னண்ணே, ஒரு கைக்கு மட்டும் கோடை லீவு விட்டுட்டீங்களா?"

அத்தானின் கை குளிரில் கோழித்தோல் மாதிரி சிலிர்த்திருந்தது. கழுத்தோ கதகதப்பாக இருந்திருக்க வேண்டும். குரல் கணீரென்று வந்தது.

"சிரிக்காதப்பா. இதைத் தொட்டுப் பாரு. தைரியமா அமுக்கிப் பாரு. கடையில கிடைக்குமா இது? அத்தனையும் வீட்ல கெடந்த மிச்ச நூல்!"

கண்டக்டர் ஒரு பட்டாணியை அமுக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "நல்லாத்தான்ணே இருக்கு" என்றார்.

அன்று மாலை அத்தான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி அக்கா மடியில் போட்டார். "இந்தா, இன்னொரு கையையும் எடுத்துக்க. ஒத்தைக் கையோட எதுக்கு அசிங்கமா இருக்கணும்? கண்டக்டருக்கும் ஒண்ணு வேணுமாம்."

இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. நீங்கள் சிரிக்கலாம். "எனக்குப் பின்னவே தெரியாது, எனக்கென்ன பயம்?" என்றும் சொல்லலாம்.

என் அத்தானுக்கும்தான் தெரியாது.