நவரத்தினம் பூட்டிய கொம்பியூட்டர்

பொத்தானை அமத்தியதும் விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. நவரத்தினத்தின் முகத்தில் புன்னகை ஒன்று புறப்பட்டது. அது உதட்டுக்கு வந்து சேருமுன் விளக்கு அணைந்து விசிறியும் நின்றுவிட்டது.

"திரும்பவும் நிண்டிட்டுதோ?" என்று குசினிக்குள்ளிருந்து கௌரி கேட்டாள்.

"நிக்கேல்லை. யோசிக்குது."

"யோசிச்சு முடிஞ்ச உடனை சொல்லுங்கோ. பிள்ளை வேலை தொடங்கோணும்."

நவரத்தினம் ஸ்குரூ ட்ரைவரை வாயில் கவ்விக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார். காப்புறுதிக் கம்பனியில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எத்தனையோ பேருடைய கார் மோதலுக்குக் காரணம் கண்டுபிடித்த மனிதருக்குத் தன் சொந்த மேசையில் நிற்கும் பெட்டி ஏன் கண்ணைத் திறந்து உடனே மூடுகிறது என்று பிடிபடவில்லை.

கடையில் ஒன்றை வாங்கியிருக்கலாம்தான். ஆனால் இது சாதாரணக் கணினி அல்ல, மகளை வீட்டில் கட்டிவைக்க அவரே பாகம் பாகமாகப் பூட்டிய கணினி. மூத்தவன் ஹரிசன் ரொறன்ரோவுக்குப் போனதோடு வெள்ளவத்தை ஃபிளட்டில் பாதிச் சத்தம் போய்விட்டது. மிச்சப் பாதி சாம்பவி. ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கட்டட வரைபடம் கீறுகிற வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம், நல்ல கணினி வேண்டும். இல்லாவிட்டால் சிங்கப்பூர் ஒஃபிசுக்கு வரலாம் என்று கம்பனி சொல்லியிருந்தது. சிங்கப்பூர் என்ற சொல்லைக் கேட்டாலே நவரத்தினம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று இன்னொரு பிள்ளைக்குக் கை காட்டுவதற்கு அவரால் முடியாது.

"அப்பா பூட்டித் தாறன் பிள்ளை. நீ ஒரு இடமும் போக வேண்டாம்," என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இன்டர்நெற் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டினார். கௌரி நல்ல நேரம் பார்த்தாள். புதுக் காருக்குச் செய்வதையெல்லாம் கணினிக்கும் செய்தாள். அடியில் தேசிக்காய், முன்னால் கற்பூரம், நெற்றி என்று அவளே முடிவுசெய்த இடத்தில் சந்தனமும் குங்குமமும். பிறகுதான் நவரத்தினம் பொத்தானை அமத்தினார். எரிந்தது, அணைந்தது.

"வடிவாத்தான் பூட்டினனீங்களோ?"

"நீ வடிவாத்தான் கும்பிட்டனியோ?"

சாம்பவிக்கு அவசரம். என்ன செய்வதென்று தெரியாமல் படியில் நின்றவளைக் கண்டு, கீழ்மாடிப் பேச்சியம்மா, "நம்ம வீட்டுக்கு வா புள்ள. பிரதீஸோட ரெண்டாவது கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்கு," என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டாள்.

இதுதான் நவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. பேச்சியம்மாவின் புருஷன் முத்துலிங்கம் பதுளைப் பக்கத்து ஆள், கிராண்ட்பாஸில் இரும்புக்கடை. ஃபிளட் கமிற்றித் தலைவர் தேர்தலில் நவரத்தினத்தை மண் கவ்வ வைத்தவர். மகன் பிரதீஸ் கம்ப்யூட்டர் கம்பனியொன்றில் வேலை செய்பவன். ஃபிளட்டில் யாருக்கு வைஃபை போனாலும் நாலாம் மாடிக்கு அவனிடம்தான் ஓடுவார்கள். அந்தப் படியை மிதிக்கக்கூடாது என்றுதான் நவரத்தினம் தானே பூட்டத் துணிந்தது.

"இண்டைக்கு ஒருநாள் மட்டும்," என்று அவர் சொன்னார்.

பின்னேரம் சாம்பவி திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கட கொம்பியூட்டரைப் பற்றிக் கதைச்சனியோ?"

"ஓம் அப்பா. பிரதீஸிட்டை எல்லாம் சொன்னனான். பூசை செய்ததும் சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவர்."

"சிரிச்சவனோ!" நவரத்தினத்துக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. "இனி அவன் இந்த மெஷினைத் தொட்டால் நான் நவரத்தினம் இல்லை."

மறுநாளிலிருந்து அவருக்கு ஓய்வில்லை. நினைவகத் தட்டுகளைக் கழற்றி, ஊதி, திருப்பிப் பூட்டினார். கணினி எரிந்து அணைந்தது. பவர் சப்ளை வலுவில்லை என்று இன்னும் பெரியது வாங்கினார். அதை உள்ளே தள்ளும்போது கேசிங்கின் பக்கத் தகடு வளைந்து, பிறகு மூடவே இல்லை. கணினியோ பழையபடிதான். சோற்றைப் பிசைந்தபடி எழும்பிப் போய் ஒருதரம் அமத்திப் பார்ப்பார். பல்லை விளக்கிக்கொண்டே வந்து இன்னொருதரம் அமத்திப் பார்ப்பார்.

இத்தனை அலைச்சலிலும் அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. சாமியறைப் பக்கம் எட்டியும் பார்க்காத சாம்பவி திடீரென்று பக்தையாகிவிட்டாள். விடியவே முழுகிவிட்டு வெளியே போய், வாழையிலைத் துண்டில் சந்தனத்தோடு வருவாள். கணினியின் நெற்றியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கீழ்மாடிக்கு இறங்குவாள். அந்த 'ஒருநாள் மட்டும்' ஒவ்வொரு நாளாக நீண்டிருந்தது.

"சந்தனம் எங்காலை பிள்ளை?"

"கோயில்ல தந்தது அப்பா."

நவரத்தினம் உருகிப்போனார். "பாத்தியே கௌரி, என்ர வேலை சரிவரோணும் எண்டு என்ன பாடு படுறாள்!"

"அது சரி. உந்த மேசையிலை ஏன் இவ்வளவு எறும்பு?"

"நீ பிஸ்கற் தின்னுற இடம் அதுதானே."

கடைசியில் கணினியைத் துணியால் நன்றாகத் துடைத்து, குழந்தையைப் போல மடியில் வைத்து, முச்சக்கர வண்டியில் பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோனார். திருத்தும் கடைக்கார நிஸாம் முன்பக்க மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளேயிருந்த இரண்டு கம்பிகளை ஸ்குரூ ட்ரைவரால் தொட்டான். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. சுழன்றுகொண்டேயிருந்தது. நிஸாம் ஒரு பிளேன்டீ குடித்து முடித்தான். அப்போதும் சுழன்றது.

"சேர், இங்க ஒழுங்கா ஓடுதே. ஒங்கட ஊட்டு கரண்ட்லதான் ஏதோ பிழ ஈக்கி."

வீட்டுக்கு வந்தார். அடுத்தநாள் காலை சாம்பவி சந்தனம் வைத்துக் கும்பிட்டாள். அவர் பொத்தானை அமத்தினார். எரிந்தது, அணைந்தது.

இப்போது எதிரி யாரென்று நவரத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது. மின்சாரம்! குளிர்சாதனப் பெட்டியின் வயரைப் பிடுங்கி அந்தச் சொக்கற்றில் கணினியைச் செருகினார். கணினி ஓடவில்லை, வயரைத் திருப்பிச் செருக மறந்ததில் கௌரி வாங்கி வைத்த அறக்குளாமீன்தான் கெட்டது. மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினார். அதன் பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்க முடியவில்லை. மீன்தான் இல்லையே என்று அவர் சமாதானம் சொன்னது கௌரிக்குச் சமாதானமாக இருக்கவில்லை.

அடுத்து நீள வயர் ஒன்றை இழுத்துப்போய் பொதுநடையிலிருந்த சொக்கற்றில் மாட்டினார். 'டப்' என்றது. மாடி முழுக்க இருள். லிஃப்ட் இறுகிவிட்டதென்று கீழேயிருந்து செக்கியூரிட்டி சிங்களத்தில் கத்தினான்.

"மாத்தயா! லிஃப்ட் எக ஹிரவெலா!"

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாருங்க அது மேல?"

முத்துலிங்கத்தின் குரல். நவரத்தினம் வயரைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நான்தான், மிஸ்டர் முத்துலிங்கம். சும்மா... கொம்பியூட்டரை ஒருக்காச் செக் பண்ணுறன்."

"பண்ணுங்க சார், பண்ணுங்க. நான் எங்க போகப்போறேன்."

வெளியே வந்த முத்துலிங்கம் கோபப்பட்டிருந்தால்கூட நவரத்தினம் தாங்கியிருப்பார். அவரோ தோளில் தட்டினார். "கவலய விடுங்க சார். பொண்ணு எங்க வீட்லதானே வேல செய்யுது. ஒரு மாடிதானே கீழ. எங்க போயிருச்சு?"

அன்று முழுக்க நவரத்தினம் நடையில் மேலும் கீழும் நடந்தார். இப்படியே போனால் பிள்ளைக்கு வெறுத்துவிடும், சிங்கப்பூருக்கு ஓம் என்று சொல்லிவிடுவாள். எத்தனை நாளைக்கு ஒருத்தி ஆரோ வீட்டுக் கதிரையில் இருந்து வேலை செய்வாள்? பொறுக்கமாட்டாமல் மகளிடமே கேட்டார்.

"பிள்ளை, கம்பனிக்கு என்ன சொன்னனீ?"

"நான் சிங்கப்பூர் போகேல்லை எண்டு சொல்லிட்டன் அப்பா."

"மெய்யே?"

"ஓம். அவசரமில்லை. நீங்கள் ஆறுதலாத் திருத்துங்கோ."

நவரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற இப்படியும் ஒரு பிள்ளை பொறுமை காட்டுமா! அதற்காகவே நாளைக்குள் திருத்திவிட வேண்டும். வெட்கத்தை விட்டு நிஸாமுக்கு ஃபோன் எடுத்து, வீட்டுக்கே வரச்சொன்னார்.

நிஸாம் அடுத்தநாள் பத்து மணிபோல வந்தான். பொதுநடை வரை இழுத்த வயரையும், வளைந்த தகட்டையும், கிழக்குப் பார்த்த மேசையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஒருக்கா ஓன் பண்ணுங்க சேர், பாப்போம்."

நவரத்தினம் அமத்தினார். எரிந்தது, அணைந்தது.

"இப்ப கைய எடுங்க."

"எடுத்திட்டன்."

"நீங்க எடுத்துட்டீங்க. பட்டன் வெளிய வரல்லயே சேர்!"

குனிந்து பார்த்தார்கள். பொத்தான் குழிக்குள் அமுங்கியபடி கிடந்தது. நிஸாம் முன்பக்கத்தைக் கழற்றி ஊசியால் கிண்டினான். மஞ்சளாக, அடுக்கடுக்காக, வட்டுப்போலத் திரண்டு வந்தது சந்தனம். அதற்குள் நாலைந்து எறும்புகள்.

"பட்டன அமத்திப் புடிச்சுக்கிட்டே ஈந்தா எந்த மெஷினும் தானா ஓஃப் ஆகும் சேர். என்ட கடயில முன்பக்கத்தக் கழட்டி வெச்சுட்டுத்தானே ஓட்டின, அதுதான் ஓடிச்சு." விரலை ஒட்டிப் பிரித்துப் பார்த்தான். "இது என்ன சந்தனம்? கோந்து மாதிரி ஈக்கி."

"கோயில் சந்தனம்," என்றார் நவரத்தினம்.

பொத்தானைக் கழுவி மாட்டினான். அமத்தினான். விளக்கு எரிந்தது. திரையில் படம் வந்தது. நவரத்தினத்தின் புன்னகையும் இந்தமுறை முழுதாக வந்து சேர்ந்தது.

நிஸாம் போனதும் கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நான் முதல்நாள் மட்டும்தான் வைச்சனான். அந்தப் பொத்தான் வட்டமா நெத்தி மாதிரிக் கிடந்தது. பிறகு நாளும் வைச்சது பிள்ளையெல்லே!"

"உஷ்!" நவரத்தினம் வாசலைப் பார்த்தார். "அவளிட்டை மூச்சு விடாதை. தன்ர கும்பிடாலைதான் அப்பாட மெஷின் நிண்டது எண்டு தெரிஞ்சால் மனம் உடைஞ்சு போவாள். பவர் சப்ளையிலை பிழை எண்டு சொல்லுவம். ஒரு குழந்தைப் பிள்ளையின்ர பக்தியை நாங்கள் கெடுக்கக்கூடாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படிகளில் இறங்கினார். வாழ்நாளில் முதல்முறையாக முத்துலிங்கத்தின் வாசல்மணியை அமத்தினார்.

அந்த வீட்டு மண்டபத்தில் ஒரே மேசைக்கு முன்னால் பக்கம் பக்கமாய் இரண்டு கதிரைகள். ஒன்றில் சாம்பவி, மற்றதில் இன்று வீட்டிலிருந்து வேலை செய்யும் பிரதீஸ். முத்துலிங்கம் பேப்பரை மடித்துவிட்டு எழும்பினார். "வாங்க சார்! உக்காருங்க." பேச்சியம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

"இருக்க நேரமில்லை. பிள்ளை, சாமானுகளை எடு. வீட்டை வா. கொம்பியூட்டர் ஓடுது!"

சாம்பவியின் முகம் ஒருதரம் எரிந்து அணைந்தது.

"என்ன பிழை அங்கிள்?" விசைப்பலகையைப் பார்த்தபடியே பிரதீஸ் கேட்டான்.

"பவர் சப்ளையிலை ஒரு சின்ன விஷயம். நானே கண்டுபிடிச்சிட்டன்." நவரத்தினம் முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பி, மார்பை நிமிர்த்தினார். "இவ்வளவு நாளும் உங்களுக்குக் கரைச்சல் தந்திட்டம். இனி எங்கட பிள்ளை வீட்டைவிட்டு ஒரு அடியும் எடுத்துவைக்கத் தேவையில்லை."

பேச்சியம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! அப்ப இனிமே என் தேன் போத்தல் தப்பிச்சிரும் சார்... தெனம் விடிஞ்சா போதும், எங்க பிரதீஸு தேன ஊத்திச் சந்தனம் கொழைச்சு, வாழையெலைல மடிச்சு, படியில நிக்கிற இந்தப் புள்ள கையில குடுத்து விடுவான்!"