நடுகல்லுக்கு நாலு நிமிஷம்

"போன வாரம் முழுக்க நடுகல்லுக்கு நாலு நிமிஷந்தாண்ணே," என்றாள் உதவியாளர் ஷர்மின், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

கர்ணன் டீயைக் கீழே வைத்தான். உத்தமபாளையத்தில் அந்தச் சின்ன மியூசியத்துக்கு அவன்தான் காப்பாளர். இரண்டு மாதமாக ஒவ்வொரு பொருளுக்கு மேலும் ஒரு கேமரா. யார் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஏஐ கணக்கெடுத்தது. அந்தக் கணக்கை வைத்து ஒரு பொருளைச் சென்னைக்கு மாற்றப் போவதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"கடைசில இருக்குறதத்தான் தூக்குவாக," என்றான்.

"கடைசில இருக்குறது நம்ம கல்லுதான்."

மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல். மார்க்கையன்கோட்டையில் கிடைத்தது. அது கர்ணன் மனைவி அனுசுயாவின் ஊர். 'தாலுகாவைத் தாண்டாது' என்று மாப்பிள்ளை சத்தியம் செய்த பிறகுதான் ஊர் கல்லைக் கொடுத்தது.

"கல்லு சென்னைக்குப் போனா நீங்களும் அதே வண்டில ஏறிக்கங்க," என்று அனுசுயா சொல்லிவிட்டாள்.

கர்ணன் கல்லின் எதிரே ஒரு ஃபேன் மாட்டினான். கூட்டம் நின்றது, கல்லுக்கு முதுகைக் காட்டி.

"ஒரு நிமிஷமா எறங்கிருச்சு," என்றாள் ஷர்மின். "முதுகையெல்லாம் அது சேத்துக்காதுண்ணே."

கல்லைப் பார்த்து பெஞ்சு போட்டான். உட்கார்ந்தவர்கள் குனிந்து செல்போன் பார்த்தார்கள்.

"அரை நிமிஷம். நீங்க பேசாம இருந்திருக்கலாம்."

கர்ணன் மார்க்கையன்கோட்டைக்கே வேன் அனுப்பினான். நாற்பது பேர் வந்தார்கள். ஊர்ப் பெரியவள் ஜக்கம்மா கல்லுக்கு மாலை போட்டாள். எல்லாரும் கல் முன்னால் அரை மணி நேரம் அசையாமல் நின்றார்கள். கர்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எவ்வளவும்மா?"

"பூஜ்யம்."

"அரை மணி நேரம் நின்னாகல்ல?"

"கண்ணை மூடிக் கும்பிட்டாகண்ணே. தூங்குனாகன்னு எழுதிருச்சு. 'இப்பொருள் பார்வையாளர்களை உறங்கச் செய்கிறது'ன்னு சென்னைக்கு அதுவே அனுப்பவும் செஞ்சிருச்சு."

கர்ணன் வெளியே ஓடினான். வேனில் ஏறப்போன ஜக்கம்மாவைப் பிடித்தான்.

"ஆத்தா, இன்னொரு தடவை வந்து கண்ணைத் தொறந்து கும்பிடுங்களேன்."

"சாமிய மொறைக்கச் சொல்றீகளா மாப்பிள்ளை? நல்லா இருக்கே," என்று சொல்லிவிட்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து லாரி வந்தது. டிரைவர் ஒச்சாண்டி கயிறும் காகிதமுமாக உள்ளே வந்தார். கர்ணன் நடுகல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னைய வெட்டிப்போட்டுட்டு கல்லை எடுங்க."

ஒச்சாண்டி காகிதத்தை ஒரு தடவை படித்தார். அவனை ஒரு தடவை பார்த்தார்.

"அதை யாரு சார் கேட்டா? சனங்க அதிகமாப் பாக்குறதத்தான் சென்னைக்கு ஏத்தியாரச் சொன்னாக."