அந்த ஒழுகலை அடைக்க வேண்டாம்

கொவாதெபெக்,
அக்டோபர் 9

பெருமதிப்புக்குரிய வீட்டுக்காரம்மா தோன்யா ஹெனோவேவா அவர்களுக்கு, கீழ் வீட்டு அன்செல்மோ பணிவுடன் எழுதிக்கொண்டது. வெராக்ரூஸ் வெயிலில் தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வழக்கம்போல் தூறல்.

என் சமையலறைச் சுவர் ஒழுகுகிறது என்று நான்கு வருடத்தில் பதினோரு கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை கொத்தனார் வருவதாக இப்போது தகவல் அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மாடி வீட்டுத் தோன்யா அம்பாரோவின் துணி துவைக்கும் தொட்டிதான் காரணம், அந்தம்மா வேண்டுமென்றே செய்கிறார் என்றெல்லாம் எழுதினேனே, அவற்றையும் கிழித்துப் போடுங்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க முடியாமல் சிப்பிக் காளான் வளர்க்கக் கற்றுக்கொண்டேன். தமாலே கொழுக்கட்டை அவிக்கிற பானையில் வைக்கோலை வேகவைத்து, ஆறவிட்டு, காளான் வித்தைத் தூவி, பைகளில் கட்டி வீடெல்லாம் தொங்கவிட்டேன். படுக்கையறையில வாடிப்போச்சு, கூடத்துல பச்சைப் பூசணம் பிடிச்சுது, அந்த ஒழுகுற சுவரோரம் மட்டும் கொத்துக் கொத்தா விரிஞ்சு நிக்குது! நான் திட்டித் தீர்த்த ஈரம் அதுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. நாம பறிக்கிறது வெறும் காய் மாதிரிதானாம்; நிஜக் காளான் வைக்கோலுக்குள்ள வெள்ளை நூலா மூணு வாரம் சத்தமில்லாம ஓடிக்கிட்டிருந்திருக்கு. நான் ஒண்ணுமே நடக்கலைன்னு பையைத் தூக்கிப் போடப் பார்த்தேன். மனுஷங்க விஷயத்துலயும் எனக்கு அவசரம் ஜாஸ்தின்னு அப்பத்தான் உறைச்சுது.

தனியாத் தின்னு தீர்க்க முடியாம ஒரு தட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். அம்பாரோ கதவைப் பாதி திறந்து, "விஷம் வைக்கிற அளவுக்கா கோபம், தோன் அன்செல்மோ?"ன்னாங்க. "முதல் வாய் நானே சாப்பிடறேன், பாருங்க"ன்னேன். "அப்ப உள்ள வந்து சாப்பிடுங்க, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன"ன்னு டோர்டியா ரொட்டி சுட்டுப் போட்டாங்க. அதுலேருந்து காளான் பறிக்கிற நாளெல்லாம் சேர்ந்துதான் சாப்பாடு. சுவர் காய்ஞ்சா காளான் போச்சு. காளான் போனா எந்தச் சாக்குல நான் மாடியேறுவேன்? அறுபத்தெட்டு வயசுல வெட்கத்தை விட்டு எழுதறேன், அந்தச் சுவரைத் தொடாதீங்க.

தங்கள் வீட்டார் எல்லோருக்கும் குவாதலூப்பே மாதா துணையிருப்பாளாக.

ஈரத்தோடு சமாதானமாகிவிட்ட தங்கள் குடித்தனக்காரன்,
அன்செல்மோ

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்பாரோ வந்தார். காளான் கொடுத்த நன்றிக்குத் தன் தொட்டியை நேற்றே சரிபண்ணிவிட்டாராம், இனி அங்கிருந்து ஒரு சொட்டு இறங்காதாம். என் முகம் போன போக்கைப் பார்த்து, "காளானுக்கு ஈரம் வேணும்னு எனக்குத் தெரியாதா? காலையிலயும் சாயங்காலமும் நானே கீழ வந்து தண்ணி தெளிச்சிட்டுப் போறேன்" என்றார். ஆகவே கொத்தனாரைத் திங்கள் வரை காத்திருக்க வைக்காதீர்கள். இதைப் படித்த கையோடு அனுப்புங்கள், சுவரில் பொட்டு ஈரம் இல்லாதபடி கெட்டியாகப் பூசட்டும்.