தாய்மாமன் வீட்டு எலாஸ்டிக்

பாவாடை மறுபடியும் சத்யாவின் இடுப்பிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

"நிக்கவே மாட்டேங்குது அத்தை" என்றாள் ஐந்து வயதுச் சத்யா.

"நீ ஆடாம நில்லு, அது நிக்கும்!" என்று வனிதா எரிந்து விழுந்தாள்.

நாளைக் காலை அரிமளத்தில் சத்யாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரும்போது தாய்மாமன் வீட்டுப் பாவாடைதான் உடுத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் வேறு யாருமில்லை, வனிதாவின் கணவன் அரவிந்த்குமார். கல்யாணமாகி இரண்டே மாதம். சிங்கப்பூரில் சூப்பர்வைசர், லீவில் வந்திருக்கிறான்.

"அண்ணியே தைக்கட்டும்" என்று சத்யாவின் அம்மா, நாத்தனார் செவந்தி, மாமன் எடுத்த துணியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். மாமியார் அமிர்தவல்லி மட்டும், "எதுக்குத்தா ஒனக்குச் சிரமம்? புதுக்கோட்டையில ரெடிமேடு வாங்கிக்கிருவோம்" என்றாள். தன்னை நம்பவில்லையே என்று வனிதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நானே தைக்கிறேன் அத்தை."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று அவள் அப்பா பெரியண்ணன்தான், "எம் மக பிரமாதமாத் தைக்கும்" என்று அடித்துவிட்டார். அதற்குச் சாட்சியாக ஒரு தையல் மிஷினையும் சீர்வரிசையில் ஏற்றி அனுப்பினார். இன்றைக்குக் குட்டு வெளிப்பட்டால் பிறந்த வீட்டு மானம் கப்பலேறிவிடும்.

இடுப்பு இருபது அங்குலம் என்று எலாஸ்டிக்கையும் இருபது அங்குலமே வெட்டியதுதான் தப்பு என்று இப்போது புரிந்தது. தையலைப் பிரித்து உருவி, நாலு அங்குலத்தை நறுக்கினாள். நுனியில் ஊக்கை மாட்டி, இடுப்பு மடிப்புக்குள் தள்ளிக்கொண்டே போனாள். பாதி வழியில் ஊக்கு திறந்துகொண்டது. எலாஸ்டிக் வந்த வழியே சுருண்டு ஓடியது, ஊக்கு அவள் விரலைக் குத்தியது.

கொல்லைப்பக்கம் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஏன்ப்பா அப்புடிச் சொன்னீங்க?"

"போற எடத்துல கத்துக்கிருவேன்னு நெனச்சேன்த்தா."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கோர்க்கிற வேலையே வேண்டாம், துணிமேலேயே இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டி, ஒருவழியாகச் சுற்றி வந்தாள்.

பாவாடை இந்தத் தடவை விழவில்லை. தலைவழியாகப் போட்டதில் சத்யாவின் தோளோடு நின்றுவிட்டது, மேலேயும் வராது, கீழேயும் போகாது.

"அத்தை, மூச்சு முட்டுது!"

பதறிப்போய்க் கத்திரியை எடுத்து எலாஸ்டிக்கை வெட்டினாள். கூடவே துணியும் கிழிந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் வீரய்யா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வனிதாவுக்கு.

"எலாஸ்டிக் சரியில்ல மாமா, கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வரும்போது வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது. உள்ளே அரவிந்த்குமார் உட்கார்ந்து கடைசி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். கிழிந்த இடம் தெரியவில்லை. சுருக்கமெல்லாம் அளந்து வைத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. சத்யா அதைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள்.

வனிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, எனக்குத் தைக்கவே தெரியாது. எங்கப்பா சொன்னது பொய். என்னை மன்னிச்சிருங்க."

பக்கத்தில் நின்ற அமிர்தவல்லி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அரவிந்த்குமார் மிஷினை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

"ஆனா... சூப்பர்வைசருக்கு இதெல்லாம் எப்புடித் தெரியும்?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள் வனிதா.

வீரய்யா பேப்பரை மடித்து வைத்தார்.

"சிங்கப்பூர்ல இவன் பாக்குறதே தையல் வேலைதாம்மா. வந்த பொண்ணு தையல் தெரிஞ்சதாச்சே, இவன் கத்திரியப் புடிக்கிறதப் பாத்தே கண்டுபிடிச்சிருமேன்னு ரெண்டு மாசமா நாங்கள்ல பயந்து கெடந்தோம்!"