சோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது

பரமட்டா,
13-06-1976, ஞாயிறு.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

தேவராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; இல்லாவிட்டாலும் தாங்கள் சொல்லப்போவதில்லை. தாங்கள் தயாரித்து அனுப்பிய எட்டாவது வினாத்தாள் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஏழாவதற்கு நான் எழுதிய விடைகளும் சிவப்பு மையில் திருத்தப்பட்டு அதனுடன் வந்தன. நூற்றுக்கு முப்பத்தெட்டுப் போட்டிருக்கிறீர்கள். நல்ல உத்தியோகத்தருக்குரிய குணங்கள் ஐந்து தருக என்ற கேள்விக்கு நான் ஆறு எழுதிவிட்டேன் என்று இரண்டு புள்ளிகளை வெட்டியிருக்கிறீர்கள். பதின்மூன்று வருடம் யாழ்ப்பாணத்து நீதவான் கோட்டில் நன்னடத்தை உத்தியோகத்தனாக இருந்து, வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளையும் பெண்சாதியை அடிக்கிற ஆண்களையும் மேய்த்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு முன்னால் அதெல்லாம் செல்லாது போலிருக்கிறது. இருக்கட்டும்.

தாங்கள் கேட்டிருந்தபடி சோதனை விபரம் எழுதுகிறேன். வருகிற மாதம் பதினாறாந் தேதி, வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு மாதமும் மூன்று நாளும் இருக்கிறது. இங்குள்ள சமூகப் பணியாளர் சபையார் என்னுடைய பதின்மூன்று வருடத்தையும் "கவனத்தில் எடுத்தோம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, இரண்டு எழுத்துச் சோதனையும் ஒரு வாய்ச் சோதனையும் வைத்திருக்கிறார்கள். சித்தியடைந்தால் நான் வேலை செய்கிற இதே ஆஸ்பத்திரியில், மாடியில், ஒரு மேசையும் கதிரையும் சமூகப் பணியாளர் என்ற பெயரும் கிடைக்கும். இல்லாவிட்டால் இப்போது செய்வதுபோலக் குசினியிலிருந்து வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டாம் தரம் சோதனை எழுத விடமாட்டார்கள். முப்பத்தொன்பது வயதில் ஒருவன் அவித்த கரட் கிழங்கைத் தள்ளிக்கொண்டு திரிவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், அவர்கள் ஒருவரும் தள்ளுவதில்லை.

எழுத்துச் சோதனை எனக்குப் பயமில்லை. வாய்ச் சோதனைதான் பயம். அதில் சோதிக்க வருகிறவரே கஷ்டப்பட்ட ஆள்போல நடிப்பார். நாங்கள் அவருடன் இருபது நிமிடம் பேச வேண்டும். இதற்கென்று வாரத்துக்கு ஒரு நாள் சிட்னி நகரத்துக்கு ரெயின் ஏறிப்போய் ஒரு வகுப்பில் இருந்தேன். முதல் நாளே என்னைப் பிடித்து முன்னால் இருத்தினார்கள். படிப்பிக்கிற மிஸ் கோல்மன், புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று கண்ணைக் கசக்கினார். நான் எப்படித் தொடங்கியிருப்பேன் என்று தங்களுக்குத் தெரியும். எந்த ஊர், யாருடைய மகள், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். இந்தக் கேள்விகள் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கும் நகராது. அடிக்கிறவன் யாருடைய சொல்லுக்கு அடங்குவான் என்று கண்டுபிடிப்பதுதானே எங்கள் உத்தியோகம்? தாய்மாமனோ, சிறிய தகப்பனோ, படிப்பித்த வாத்தியாரோ, அந்த ஆளைப் பிடித்து அனுப்பிவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். ஆகவே, உங்கள் தமையனை அனுப்பிப் பேசவைப்போம் என்றேன். தமையன் இல்லை என்றார். புருஷனின் பெரியப்பா? கண்டதில்லை. அடுத்த வீட்டுக்காரர்? பெயர் தெரியாது. சேர்ச்சுக்குப் போகிற இடத்தில் யாராவது? போவதில்லை. எட்டு நிமிடத்தில் எனக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டு நிமிடமும் இருவரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மிஸ் கோல்மன் சொன்னார்: "நீங்கள் யாரை அனுப்பலாம் என்றே தேடிக்கொண்டிருந்தீர்கள். முன்னாலிருந்த என்னைப் பார்க்கவில்லை." பார்ப்பதற்கு அங்கே ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையைத் தவிர என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அனுப்புவதற்கு ஒருவருமே இல்லாத மனுஷர் இருப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லையே அத்தான்.

இங்கத்தைய முறை என்னவென்றால், புத்தி சொல்லக்கூடாது. ஆள் அனுப்பக்கூடாது. எதிரில் இருக்கிறவர் சொன்னதையே கொஞ்சம் மாற்றி அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதற்கா ஒரு சோதனை என்று தாங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். ஆனால் புத்தி சொல்லாமல் இருப்பது இலேசு என்று நினைக்க வேண்டாம். வாயைக் கட்டிப் பழக வேண்டுமென்று ஆஸ்பத்திரியிலேயே தொடங்கினேன். சாப்பாட்டு வண்டி இன்றைக்கும் பிந்திவிட்டது என்று வார்டு நேர்ஸ் கத்தினார். "வண்டி பிந்தியது உங்களுக்குக் கோபமாக இருக்கிறது" என்றேன். ஓம், கோபந்தான் என்றார். "மிகவும் கோபமாக இருக்கிறது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காது வைத்தியரிடம் அனுப்பிவிட்டார். காது வைத்தியர் என் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்து, நான் பேசுவது கேட்கிறதா என்றார். எனக்குக் காது கேட்குமோ என்று உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன். அவர் நெடுநேரம் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு என்னை எல்லோரும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள்.

அடுத்தது தனபாலன் வீடு. இவர் மலேசியாத் தமிழர், வென்ட்வேர்த்வில்லில் மனைவி அன்னம்மாவோடு இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு மீன்குழம்பு தருவார்கள். தமிழில் பேசுவதும் புளி போட்ட குழம்பு தின்பதும் எனக்கு அந்த ஒரு நாள்தான். ஃபெப்ரவரியில் நான் போயிருந்தபோது, ஈப்போவிலிருந்து தனபாலனின் தாயாரைக் கூப்பிடுவதைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. வீட்டில் இடமில்லை, குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அன்னம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பேசாமல் மீனைத் தின்றிருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. "மாமி வந்தால் இந்த வீடு உங்களுடையதாக இராது என்று பயப்படுகிறீர்கள்" என்றேன். அது உண்மைதான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அன்னம்மா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, சோறு போட்டா சாப்பிடுங்க. மனசுக்குள்ள எல்லாம் எட்டிப் பாக்காதீங்க." அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் எல்லா ஞாயிறும் விருந்தாளிகள் இருக்கிறார்களாம். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் இருந்தார்கள். இந்த மாதம் நான் கேட்கவில்லை.

ஆகவே பழகிப்பார்ப்பதற்கு எனக்கு மிஞ்சியது வீட்டுக்காரி மிஸிஸ் பீட்டர்சன்தான். எழுபத்திரண்டு வயது, புருஷன் இறந்து பதினொரு வருடம், பெரிய வீடு, ஒரு நாய், மேலறையில் வாடகைக்கு நான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் கஷ்டப்பட்ட ஆளாக நடிக்க முடியுமா என்று கேட்டேன். நடிக்கத் தேவையில்லை, இடுப்பு நோகிறது என்றார். இடுப்பு நோவதாகச் சொல்கிறீர்கள் என்றேன். அதைத்தானே இப்போது சொன்னேன் என்றார். அவர் முகம் நோவில் சுருங்கியதைப் பார்த்ததும் நான் படித்ததெல்லாம் பறந்து, எண்ணெய் காய்ச்சிப் பூசிச் சுடுநீரில் முழுகுங்கள் என்று சொல்லிவிட்டேன். பரமட்டாவில் நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? அந்த மனுஷி உருளைக்கிழங்கு பொரித்த மாட்டுக்கொழுப்பைக் காய்ச்சிப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாய் இரண்டு நாள் அவர் காலைவிட்டு நகரவில்லை. ஆனால் நோ குறைந்துவிட்டது என்கிறார். இதைச் சோதனையில் சொன்னால் வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மிஸிஸ் பீட்டர்சன் ஒரு புதுச் சட்டம் போட்டார். எனக்கு அலுத்துவிட்டது, இன்றைக்கு நீ கஷ்டப்பட்ட ஆளாக இரு, நான் கேட்கிறேன் என்றார். விளையாட்டுத்தானே என்று சம்மதித்தேன். உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அத்தான் இருக்கிறார் என்றேன். அவர் என்ன எழுதுவார் என்றார். கேள்வி எழுதுவார் என்றேன். எப்படி இருக்கிறாய் என்றா கேட்பார் என்றார். இல்லை, சமுதாயம் என்பதை வரையறுக்க என்று கேட்பார் என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு நான் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் பேசினேனாம், அவர்தான் சொன்னார். என்ன பேசினேன் என்பதில் பாதி எனக்கு ஞாபகமில்லை. அக்காவைப் பற்றிப் பேசினேன் என்பது தெரியும். சனிக்கிழமை மத்தியானம் கடைக்காரர்கள் கதவைப் பூட்டினால் திங்கட்கிழமை விடியும்வரை இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை என்றும் சொன்னேன். இதைத் தங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இங்கே எனக்குத் தனிமை தாங்கவில்லை அத்தான். சோதனை இருப்பதால் தாங்குகிறேன்.

தாங்கள் கோபிக்கக்கூடாது. அக்கா இருந்த காலத்தில் தாங்கள் என்னிடம் பேசியது, தம்பி பேப்பர் வந்துவிட்டதா என்ற ஒன்றுதான். மிச்சமெல்லாம் அக்காதான் இருவருக்கும் நடுவில் நின்று பேசினா. செத்தவீட்டன்று எல்லோரும் போனபிறகு நீங்களும் நானும் விறாந்தையில் இரண்டு கதிரையில் இருந்தோமே, நினைவிருக்கிறதா? ஏதாவது சொல்லுவோம் என்று நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நான் இங்கே வந்து ஏழு மாதம் ஒரு கடிதமும் இல்லை. சோதனைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று எழுதிய பிறகுதான் முதல் வினாத்தாள் வந்தது. அன்றுதொட்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை.

எட்டாவது வினாத்தாளுக்குப் பத்து விடையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காம் கேள்விக்கு ஐந்து காரணங்கள் கேட்டிருந்தீர்கள், ஐந்தே எழுதியிருக்கிறேன். திருத்தி அனுப்பவும். நான் சித்தியடைவேன் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை. அதனால் ஒன்பதாவது, பத்தாவது வினாத்தாள்களையும் தாமதமின்றி அனுப்பி என்னைத் தேற்ற வேண்டும். நல்லூரானுக்கு என் பெயரில் ஒரு அருச்சனை செய்யவும். அடுத்த வீட்டுச் சத்தியபாமா ரீச்சருக்கும், எங்களுக்குத் தெரிந்த மற்ற எல்லோருக்கும், இன்னும் என்னை நினைவில் வைத்திருந்தால், என் அன்பைச் சொல்லவும். தங்கள் தேக ஆரோக்கியத்துக்கு எல்லாம் வல்ல முருகன் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
தங்கள் சொல் கேட்கும் மைத்துனன்,
க. தேவராஜா.

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே நான் எழுதிய சோதனைத் தேதி பொய். சோதனை சென்ற மாதம் பதினான்காந் தேதியே முடிந்துவிட்டது. வாய்ச் சோதனையில் ஒரு வயதான மனுஷன் வந்திருந்து, அறையைவிட்டு வெளியே போகப் பிடிக்கவில்லை, எனக்கு ஒருவரும் இல்லை என்று நடித்தார். யாரை அனுப்பலாம் என்று நான் தேடவில்லை. புத்தியும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. பெறுபேறு இந்த மாதம் நான்காந் தேதி வந்தது, நான் சித்தி. வருகிற முதலாந் தேதியிலிருந்து எனக்கு மாடியில் மேசை. உங்கள் எட்டாவது வினாத்தாள் பெறுபேற்றுக்கு நாலு நாள் பிந்தித்தான் வந்தது. இருந்தும் புதன்கிழமை முழுவதும் இருந்து பத்துக் கேள்விக்கும் விடை எழுதினேன். சித்தியடைந்துவிட்டேன் என்று எழுதினால் அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு என்ன எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் மறைத்தேன், மன்னிக்கவும். இனிக் கேள்வி ஒன்றும் அனுப்ப வேண்டாம். நான் ஒன்று கேட்கிறேன், அக்கா போனபிறகு நாலு வருடமாக ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? யார் சமைத்தது?