முன்னோடிச் சைக்கிள்

உலகின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். தவறு. உருண்டையாக எதையாவது பார்த்த எவனும் சக்கரத்தைக் கண்டுபிடித்திருப்பான். அந்தச் சக்கரத்தை யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்ய ஒரு குழு வேண்டும் எனக் கண்டுபிடித்தானே, அவன்தான் மேதை. அப்படியொரு குழுவுக்குச் செயலாளராக இருக்கும் பெரும்பேறு எனக்கு வாய்த்தது. அதன் வரலாற்றை எழுதிவைப்பது என் கடமை.

எங்கள் நிறுவனம் ரத்தப் பரிசோதனை செய்கிறது. அடிவாரத்தில் ரத்தம் எடுக்கும் நிலையம், அதன் மாடியில் அலுவலகம். பரிசோதனைக் கூடம் மட்டும் குன்றின் மேல். நடுவில் மூன்று கிலோமீட்டர் ஏற்றம், ஏழு வளைவுகள். எடுத்த ரத்தம் ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் நோயாளியின் கையில் மறுபடியும் குத்த வேண்டும்.

அதைக் கொண்டுபோனவர் பெட்டியக்கா. முதுகில் எப்போதும் நீலப் பெட்டி இருந்ததால் அந்தப் பெயர். வயது நாற்பத்து மூன்று. நாளுக்கு இரண்டு நடை. வாகனம், நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு மவுண்டன் பைக். பதினோரு வருடங்களில் ஒரு சாம்பிள் குழாய்கூட உடைந்ததில்லை, ஒரு நாள்கூடத் தாமதமில்லை. ஆகவே அவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நல்ல ஊழியருக்கு நாங்கள் தரும் உச்சபட்ச மரியாதை அது.

ஒருநாள் அவர் இரண்டு வரியில் மனுக் கொடுத்தார். முழங்கால் தேய்ந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார், ஏற்றத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்யவும்.

மேலாளர் உருகிவிட்டார். உருகிய உடனே குழு போட்டார். புது மின்சைக்கிள் வாங்குவது ஆடம்பரம் என்பதால், கோப்புக்கு "இருக்கும் சைக்கிளையே மின்மயமாக்கல் – சிக்கன முறையில்" என்று தலைப்பு வைத்தோம். தலைப்பை முடிவு செய்யவே மூன்று கூட்டங்கள் ஆயின. அந்த மூன்று கூட்ட நாட்களில் மட்டும் அக்கா ஆறு முறை குன்றேறியிருப்பார்.

நான்காம் கூட்டத்துக்கு அக்காவின் கணவரை அழைத்தோம். மின்விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குக் காயில் கட்டுபவர். கைவிரல்களில் வார்னிஷ் கறை. சைக்கிள்களுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்த அனுபவமும் உண்டு. ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதி வந்திருந்தார். எங்கள் கொள்முதல் அதிகாரி அந்தத் தாளை, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பின் சக்கரத்துக்கு மோட்டார்னு எழுதியிருக்கீங்க. முன் சக்கர மோட்டார் விலை கம்மியா இருக்கே?"

"ஏத்தத்துல பாரம் பூரா பின்னாடிதான் சார் வரும். முன்னாடி ஷாக் அப்சார்பர் வேற இருக்கு. அந்த அலுமினியம் மோட்டாரோட இழுவையைத் தாங்காது."

மேலாளர் கண்களை மூடித் திறந்தார். அவருக்கு ஞானம் பிறக்கும்போது அப்படித்தான் நடக்கும். "இது முன்னோடித் திட்டம்ப்பா. முன் சக்கரம்தான் பொருத்தம்."

குறித்துக்கொண்டேன்.

"பாட்டரி?" என்றார் கொள்முதல் அதிகாரி. "கம்ப்யூட்டர் ரூம்ல யூ.பி.எஸ்.லேர்ந்து கழட்டின பாட்டரி மூணு இருக்கு."

"அது சாகப்போறதுன்னுதானே சார் கழட்டினீங்க?"

"சாகல. ஓய்வு பெற்றிருக்கு."

"அது ஈயம் சார். கல்லு மாதிரி கனக்கும். மேடு ஏற உதவி கேட்டவ முதுகுல மேட்டையே ஏத்துற மாதிரி ஆயிடும்."

"மறுபயன்பாடு" என்று எழுதி அடிக்கோடிட்டேன். இப்படிப்பட்ட சொல் ஒன்று கிடைத்துவிட்டால் எந்தப் பொருளும் சுமப்பதற்கு இலேசாகிவிடும். சுமப்பவர் வேறொருவராக இருந்தால் போதும்.

கடைசி வரியில் "டார்க் ஆர்ம்" என்று இருந்தது. ஒரு விரல் நீள இரும்புத் துண்டுதான் என்றார் காயில்காரர்.

"எதுக்கு அது?"

"மோட்டார் ஓடும்போது சக்கரம் சுத்தணும், அச்சு சுத்தக் கூடாது. இந்தத் துண்டு அச்சைப் பிடிச்சு நிறுத்திக்கும்."

"அதான் நட்டு இருக்கே?"

"நட்டு சக்கரத்தைப் பிடிக்கும் சார். மோட்டாரோட கோபத்தைப் பிடிக்காது."

"அப்போ அந்தத் துண்டு சுத்தாது, நகராது, ஒண்ணும் பண்ணாது?"

"பண்ணாது. சும்மா இருக்கத்தான் அதை வாங்குறது."

சும்மா இருப்பதற்கென்று நிறுவனம் ஏற்கெனவே போதுமானவர்களை நியமித்திருந்ததால், அந்த வரி அடிக்கப்பட்டது.

காயில்காரர் எழுந்து நின்றுவிட்டார். "சார், அதை நானே அறுத்துச் செஞ்சு தர்றேன். காசு வேண்டாம்."

"காசு வேண்டாம்னா எந்தத் தலைப்புல பதியறது?" என்றார் கொள்முதல் அதிகாரி. விதிகளைப் புரட்டினோம். இலவசமாக வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளிகள் தேவை என்று இருந்தது.

"அந்தத் துண்டு இல்லாம நான் மாட்ட மாட்டேன். ஏறப்போறது என் வீட்டுக்காரி."

"உணர்ச்சிவசப்பட்ட நிபுணர்" என்று குறிப்பில் பதிவு செய்து அவரை விடுவித்தோம். மாட்டும் பொறுப்பு, ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரரிடம் போயிற்று. அவரிடம் ஸ்பேனர் இருந்தது. வாங்கி வந்த மோட்டாரில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமில்லை. ஆகவே முன் பிரேக்கைக் கழற்றி வைத்தார். எடை குறைப்பு நடவடிக்கை என்று எழுதினேன்.

தொடக்க விழா வாகன நிறுத்துமிடத்தில் நடந்தது. மேலாளர் ரிப்பன் வெட்டி, சைக்கிளில் ஏறி, கைப்பிடியைத் திருகினார். வண்டி சர்ரென்று ஒரு சுற்று வந்தது. எல்லோரும் கைதட்டினோம். வாகன நிறுத்துமிடம் உள்ளங்கைபோலச் சமதளம். "ஏற்றம் தவிர்த்த எல்லா நிலைமைகளிலும் சோதனை முழு வெற்றி" என்று அறிக்கை அனுப்பினோம்.

முதல் நாளே மூன்றாம் வளைவில் பாட்டரி மலையேறிவிட்டது. சைக்கிள் ஏறவில்லை. அக்கா இருபத்தெட்டு கிலோ வண்டியையும் முதுகுப் பெட்டியையும் மேலே தள்ளிக்கொண்டு போனார். மாலை மாடிக்கு வந்து கதவோரம் நின்றார்.

"சார், முன்னாடி நான் சைக்கிள்ல போனேன். இப்போ சைக்கிள் என்கூட நடந்து வருது."

"நடை முழங்காலுக்கு நல்லதும்மா" என்றார் மேலாளர்.

"பழைய சக்கரத்தையே மாட்டிக் குடுத்துடுங்க சார். நான் மிதிச்சே போயிக்கிறேன்."

"ஏம்மா, வளர்ச்சியைப் பின்னாடி திருப்பச் சொல்றியா?"

வளர்ச்சியைத் திருப்ப முடியாததால், மோட்டாரின் வேகத்தை மட்டுப்படுத்தும் வயரை அவிழ்த்துவிடுமாறு குழாய்க்காரருக்கு உத்தரவு போட்டோம். பாட்டரி சாவதற்குள் வேகமாக மேலே போய்விடலாம் அல்லவா? இந்த யோசனை என்னுடையது. பணிவு காரணமாகக் குறிப்பில் "குழு" என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள், இரண்டாம் வளைவில் எதிரே வந்த லாரிக்காக அக்கா நின்றார். லாரி போனதும் கைப்பிடியைத் திருகினார். சக்கரம் சுற்றவில்லை, அச்சு சுற்றியது. சக்கரத்தைப் பிடித்திருந்த முன் கவை விரிந்தது. வயர்களை அறுத்துக்கொண்டு சக்கரம் தனியே கழன்று சரிவில் உருண்டோடியது. அக்கா முகங்குப்புற விழுந்தார். இல்லை, விழப்போனவர் பெட்டி அடிபடாமல் இருக்க உடம்பைத் திருப்பி, இடது கையை ஊன்றினார்.

சாலையோரத்திலிருந்து போன் செய்தார். மேலாளர் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், விழுந்துட்டேன்."

"ஐயோ! சாம்பிள் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். ஒண்ணும் ஆகல."

"அப்பாடா."

"கை உடைஞ்சிருச்சு சார்."

"கையா? எது... கைப்பிடியா?"

"என் கை சார்."

கைப்பிடி சொத்துப் பட்டியலில் உண்டு. அக்காவின் கை இல்லை. அந்த வழியாக வந்த காய்கறி வண்டிக்காரர் ஒருவர் அவரை ஏற்றிக்கொண்டார். அக்கா முதலில் பரிசோதனைக் கூடத்துக்குப் போகச் சொல்லி, பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. ஐம்பத்தேழாம் நிமிடத்தில் ரத்தம் போய்ச் சேர்ந்திருந்தது.

விசாரணையைக் குழுவே நடத்தியது. விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள்தானே? மாவுக்கட்டோடு வந்த அக்காவுக்கு நாற்காலி கொடுத்தோம். அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"நான் ஏறுறதுக்கு ஒரு உதவி கேட்டேன் சார், நீங்க விழறதுக்கு ஒரு வசதி பண்ணிக் குடுத்தீங்க."

பண்பற்ற சொற்கள் இல்லாததால் அதைப் பதிவு செய்வதில் தடையில்லை. ஆனாலும் தாளில் இடமில்லை. இறுதி அறிக்கை இப்படி முடிந்தது: "வாகனம் திட்டப்படி இயங்கியது. ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட்டது ஓட்டுநரின் சொந்த முடிவு." மூன்று பேர் கையெழுத்திட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. மற்ற இரண்டையும்விட அழகாக இருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகும் அக்காவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. பாட்டில் மூடியைத் திறக்க அந்தக் கையால் முடியாது. சைக்கிள் ஓட்ட முடியாதவருக்கு எங்களிடம் வேலையில்லை. கணவரின் பட்டறையிலேயே உட்கார்ந்து, வலது கையால் கணக்கு எழுதப் போவதாகச் சொன்னார். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தபோது கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவர் நிதானமாகத்தான் இருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க."

"கேளுங்கக்கா."

"காலையில பத்து மணிக்கு நான் ஏறும்போது ஆபீஸ் கார் ஹாரன் அடிச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போகும். மத்தியானம் மூணு மணிக்கும் போகும். நானும் பதினோரு வருஷமா ஒதுங்கி வழி விட்டிருக்கேன். அது எங்க சார் போகுது?"

செயலாளர் பொய் சொல்லக் கூடாது. "மேல லேபுக்குக்கா. மேலாளர் ஆலோசனைக்குப் போவாரு."

"தினமுமா?"

"தினமும் ரெண்டு தடவை."

அக்கா தலையை ஆட்டினார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, வலது கையால் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அந்தக் காரின் பின் சீட்டில் மேலாளர் உட்காருவார். அவர் பக்கத்தில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்காரும். வளைவுகளில் அது சாய்ந்து விழுந்துவிடாமல் சீட் பெல்ட் போட்டிருப்போம்.

தினமும் அந்தப் பெல்ட்டைப் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொள்பவன் நான்தான்.