சீச்சோ கணக்கில் வராது

கூண்டு காலியாக இருந்தது.

ருஃபினா கையை உள்ளே விட்டுத் துழாவினாள். சீச்சோ இல்லை.

"ஜெக்கி! கிளி எங்க?"

அவள் கணவன் காபியோடு வந்தான். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன துஷி, இவ்வளவு சீக்கிரம் எந்திரிச்சுட்ட?" மனைவியை அவன் கூப்பிடும் செல்லச் சொல் அது.

"இன்னைக்குக் கிளி எண்ணணும்னு ஒரு வாரமா கத்தினேனே!"

"இன்னைக்கா அது?" கூண்டைப் பார்த்தான். "கொக்கி தளர்ந்திருக்கும்."

முப்பது வருடமாக அவளுக்கு முன்னால் எழுந்து காபி போடுவதைத் தவிர ஜெக்கி எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை.

ஆண்டுக்கு ஒருநாள் விடியலில், கரீபியக் கடலின் போனேர் தீவு முழுக்க ஆட்கள் மரங்களுக்குக் கீழே நின்று, காட்டுக் கிளிகள் கிளம்பும்போது எண்ணுவார்கள். ரிங்கோன் ஊருக்குப் பின்னாலிருந்த மாந்தோப்பு ருஃபினாவின் பொறுப்பு. இரண்டு வருடமாக அங்கே பூஜ்யம். இந்த முறையும் பூஜ்யம் என்றால் தோப்பை வெட்டி விடுதி கட்டலாம் என்று முடிவாகியிருந்தது. அந்தத் தோப்புக்காக அவள் சண்டை போடாத அலுவலகம் இல்லை.

ஜெக்கியையும் இழுத்துக்கொண்டு அவள் தோப்புக்குப் போனபோது ஹென்ஸ்லி அங்கே நின்றான்; விடுதிக்காரர்கள் தங்கள் பங்குக்கு எண்ண அவனை அனுப்பியிருந்தார்கள். பக்கத்துத் தெருப் பையன்.

"போன் தியா, தான்தா," என்று அத்தை முறை வைத்துக் காலை வணக்கம் சொன்னான். "பூஜ்யத்தை எண்ண ரெண்டு பேர் எதுக்கு?"

"வாயை மூடு. எண்ணும்போது பேசக் கூடாது."

மூவரும் மூச்சடக்கி நின்றார்கள். மாமரத்துக்குள்ளிருந்து ருஃபினாவின் குரல் கேட்டது.

"ஜெக்கி! குப்பையைக் கொட்டு!"

ஹென்ஸ்லி அவள் வாயைப் பார்த்தான். மூடியிருந்தது.

"தான்தா, அது உங்க வீட்டுக் கிளி. கால்ல வளையம் போட்டது. கணக்குல வராது."

"எனக்கே சொல்லித் தர்றியா? தப்பிச்சு வந்துடுச்சுடா."

"தப்பிச்சுதா, கொண்டாந்து வச்சீங்களா? கணக்கெடுக்கிற ஆபீசுக்குப் போனைப் போட்டேன்னா உங்க எண்ணிக்கையே செல்லாது."

ருஃபினா மரத்தடிக்கு ஓடினாள். கிளியை உடனே இறக்க வேண்டும். விசிலடித்தாள்.

"சோம்பேறி! சோம்பேறி!" என்றது சீச்சோ, அவள் குரலிலேயே.

"வீட்டுல இப்படித்தான் பேசுவீங்களா?" என்றான் ஹென்ஸ்லி.

வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். சீச்சோ இன்னும் இரண்டு கிளை மேலே போனது.

"ஜெக்கி, ஏறு."

"வேணாம் துஷி. அதுவே வீட்டுக்கு வந்துடும்."

"உனக்கு எப்படித் தெரியும்? ஏறு!"

ஜெக்கி ஏறினான். பாதியில் கால் வழுக்கிற்று. கைக்குக் கிடைத்த கிளையைப் பிடித்துத் தொங்கினான். மரமே குலுங்கிற்று.

தோப்பு வெடித்தாற்போல் இருந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் கிறீச்சிட்டுக்கொண்டு எழுந்து, ஒரு வட்டமடித்து, வேலியோரக் கள்ளிகளில் வரிசையாக உட்கார்ந்தது.

ருஃபினா எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

"எல்லாமே வளர்த்த கிளியா இருந்தா?" என்றான் ஹென்ஸ்லி. குரலில் பழைய தெம்பு இல்லை.

அவள் தன் பைனாகுலரைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். "கண்ணு நல்லாத்தானே இருக்கு? காலைப் பாரு."

அவன் ஒவ்வொரு காலாகப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான். சீச்சோவின் காலில் வளையம் மின்னியது. மற்ற பத்துக் கிளிகளின் கால்களில் எதுவும் இல்லை.

"பத்து," என்றான்.

"சத்தமாச் சொல்லு."

"பத்து, தான்தா. காட்டுக் கிளி பத்து."

"போனைப் போடு. இப்பவே சொல்லு."

போட்டான். சொன்னான். தோப்பு பிழைத்தது. ருஃபினா தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினாள். ஹென்ஸ்லியைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினாள், அவனும் சிரித்துவிட்டான்.

"நேத்து வரைக்கும் ஒண்ணுகூட இல்ல," என்றாள் மூச்சு வாங்க. "இதுங்களை இங்க யாருடா கூட்டிட்டு வந்தது?"

ஜெக்கி இன்னும் மரத்திலேயே இருந்தான். இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை.

கள்ளியின் நுனியில், கூட்டத்திலேயே சின்னதான காட்டுக் கிளி ஒன்று தலையைச் சாய்த்தது. தொண்டையைச் செருமியது. பிறகு ஜெக்கியின் குரலில் கிசுகிசுத்தது:

"போயிட்டு வா சீச்சோ. எப்பவும் போல ருஃபினா எந்திரிக்கிறதுக்குள்ள வந்துடு."